கடவுளை நண்பர் என்று சொல்வது மரியாதைக் குறைவா?

கேள்வி: "இயேசு என் நண்பர்" என்று கிறிஸ்தவர்கள் சொல்கிறார்கள். கைகூப்பி வணங்குகிற கடவுளோடு எப்படி நட்பு வைத்துக்கொள்ள முடியும்? அது மரியாதைக் குறைவு இல்லையா?

நான் ராயபுரத்துக்காரன், கத்தோலிக்கக் குடும்பம். மறைநூல் படித்தவர்கள் இதற்கு இன்னும் நல்ல பதில் தருவார்கள். எனக்குத் தெரிந்த பதில் எங்கள் ஆயாதான், அதாவது நைனாவைப் பெற்றவர். காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பழைய வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் விற்றவர்.

ஆயா இராயப்பர் கோயிலில் கடைசி பெஞ்சில்தான் உட்காருவார். "இன்னா சேசப்பா, மூணு நாளா உன்னாண்ட சொல்லினுகீறேன். காதுல வாங்குறியா இல்லியா?" என்று வாய்விட்டே கேட்பார். முன்னால் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும். வீட்டுக்கு வந்து, சாமியிடம் இப்படியா பேசுவது என்று கேட்டால், "வேற யாராண்ட பேசச் சொல்ற?" என்பார்.

ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பூசையில் காதால் கேட்டதுதான் அவருடைய வேதம். அதில் ரொம்பப் பிடித்தது ஆபிரகாம் பேரம் பேசிய கதை. சோதோம் நகரை அழிக்கப்போகிறார் கடவுள். அங்கே 50 நல்லவர்கள் இருந்தால் விட்டுவிடுவீர்களா என்று ஆபிரகாம் ஆரம்பிக்கிறார். சரி என்கிறார் கடவுள். 45 இருந்தால்? 40? 30? 20? கடைசியில் 10-க்குக் கொண்டுவந்து நிறுத்துகிறார். தொடக்கநூல் 18-ஆம் அதிகாரம். ஆயா இதை மீன்காரியின் காதோடுதான் கேட்டார். "நல்லாத்தான் பேசினான், பத்தோட ஏன் நிறுத்தினான்? இன்னும் இறக்கியிருக்கலாம்" என்பார். அப்புறம், "அவரும் கோச்சுக்கவே இல்ல பாரு" என்பார்.

இப்படிப் பேரம் பேசிய ஆபிரகாமைத்தான் விவிலியம் கடவுளின் நண்பர் என்கிறது. ஏசாயா 41-லும் இருக்கிறது, யாக்கோபு திருமுகம் 2-லும் இருக்கிறது. ஒருவர் தன் நண்பரோடு பேசுவதுபோல ஆண்டவர் மோசேயோடு முகமுகமாகப் பேசினார் என்று விடுதலைப் பயணம் 33 சொல்கிறது. ஆக, இது இந்தக் காலத்துப் பிரசங்கிகள் கண்டுபிடித்ததில்லை.

இயேசு இதை வெளிப்படையாகச் சொல்வது இறந்துபோவதற்கு முந்தைய இரவில், சீடர்களோடு சாப்பிட்ட பிறகு. யோவான் 15. இனி உங்களை வேலைக்காரர் என்று சொல்லமாட்டேன், நண்பர்கள் என்கிறேன். முதலாளி செய்வது வேலைக்காரனுக்குத் தெரியாது, நானோ தந்தையிடம் கேட்டதை எல்லாம் உங்களுக்குச் சொல்லிவிட்டேன் என்கிறார். இது எனக்கு நைனாவை வைத்துத்தான் புரிந்தது. அவர் ஒரு விசைப்படகில் டிரைவர். டீசல் கடன் எவ்வளவு நிற்கிறது, வலை எதற்கு அடகுக்குப் போனது என்பதையெல்லாம் படகுக்காரர் கூலிக்கு வருகிறவர்களிடம் சொல்லமாட்டார். நைனாவிடம் சொல்வார். அதற்காகப் படகு நைனாவுடையது ஆகிவிடவில்லை. வேலையும் குறையவில்லை, கூடத்தான் செய்தது.

இதே பேச்சில் ஒரு வரிக்கு முன்னால், நான் சொல்வதைச் செய்தால்தான் நீங்கள் என் நண்பர்கள் என்றும் இருக்கிறது. ஆட்டோவின் பின்னால் 'இயேசு என் பெஸ்ட் ஃபிரெண்ட்' என்று ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது என் எண்ணம். நாம் கேட்டதைச் செய்து தருகிறவர் என்பதற்காக நண்பர் இல்லை. உங்கள் கேள்வியில் இருக்கும் பயம் அந்த அளவுக்கு நியாயமானதுதான்.

எங்கள் பக்கத்து ஊர் திருவொற்றியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். தம்பிரான் தோழர் என்று பேர் வாங்கிய சுந்தரர், உன்னைப் பிரியமாட்டேன் என்று சங்கிலியாருக்கு மகிழ மரத்தடியில் சத்தியம் செய்ததும், அதை மீறி ஊரைத் தாண்டியதும் கண் போனதும் அந்த ஊர்க் கதை. தோழர் என்று சிவன் அவரைச் சும்மா விட்டுவிடவில்லை. கண் போன பிறகு அவரும் சிவனிடம் சண்டை போடுவதை விடவில்லை. என் அலுவலக நண்பர் ஒருவர் இதைச் சொன்னபோது எனக்கு ஆயா ஞாபகம்தான் வந்தது.

சரி, ஆயாவிடமே வருகிறேன். 2009 பிப்ரவரியில் நைனா மாரடைப்பில் போய்விட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு இரவு ஆயா செபமாலையை விடவில்லை. அடக்கம் முடிந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்கு வந்தார், அதே கடைசி பெஞ்சு. ஆனால் வாயே திறக்கவில்லை. பாட்டு இல்லை, செபம் இல்லை, நற்கருணை வாங்கவும் எழுந்து போகவில்லை. ஒரு நாள் கேட்டேன், "இன்னா ஆயா, பேசவே மாட்டேன்ற?"

"காய் உட்டுட்டேன்."

"அப்ப எதுக்கு வர்ற?"

"காய் உட்டா ஊட்டுக்குக் கூட வரக்கூடாதா?"

அந்த ஈஸ்டர் காலத்தில் யோவான் 21 வாசித்தார்கள். எங்கள் கோயிலுக்குப் பேர் கொடுத்த இராயப்பர், அதாவது பேதுரு, இயேசு பிடிபட்ட இரவில் கரி நெருப்பில் குளிர்காய்ந்துகொண்டே அவரைத் தெரியாது என்று மூன்று முறை சொன்னவர். இப்போது ராத்திரி முழுக்க வலை போட்டு ஒன்றும் கிடைக்காமல் வருகிறார். கரையில் மறுபடியும் ஒரு கரி நெருப்பு, அதன்மேல் மீன். வந்து சாப்பிடுங்கள் என்கிறார் உயிர்த்தெழுந்த இயேசு. ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்கவில்லை. என்மேல் அன்பு இருக்கிறதா என்று மட்டும் மூன்று முறை கேட்கிறார். கிரேக்க மூலத்தில் மூன்றாவது முறை அவர் வாயில் வருவது நட்புக்கான சொல்; வேறுபாடு ஒன்றும் இல்லை என்கிறவர்களும் உண்டு. ஆயாவைப் பார்த்தேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடை வந்தது. அப்போதெல்லாம் 45 நாள், இப்போதுதான் 61. விசைப்படகுகள் எல்லாம் காசிமேட்டில் கட்டிக் கிடந்தன. ஆயாவுக்கு வியாபாரம் இல்லை, சாமியிடம் கேட்பதற்கும் ஒன்றும் இல்லை. கோயில் திறந்திருந்தால் வார நாளிலும் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பார். நான் கூப்பிடப் போவேன். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம், ஒரு வார்த்தை கிடையாது.

தடை முடிந்து ஜூனில் ஒரு ஞாயிறு. பூசை தொடங்க இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. பின்னாலிருந்து குரல் வந்தது.

"இன்னா சேசப்பா, நெத்திலி இன்னா வெல விக்கிது, உனக்குத் தெரியுமா தெரியாதா?"

முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.