எல்லோரும் மறந்துவிட்ட, உங்களுக்கு மட்டும் நினைவிருக்கும் அலுவலக நகைச்சுவைத் தொடர் எது?

'அவுட்சோர்ஸ்டு'.

பெயரைச் சொன்னால் ஒன்றிரண்டு பேர் "அந்தப் படம்தானே?" என்பார்கள். படம் 2006-இல் வந்தது. அதன் நாயகி ஆயிஷா தார்க்கர். சந்தோஷ் சிவனின் 'தி டெரரிஸ்ட்' படத்தில் மல்லியாக வந்தாரே, அவர்தான். நான் சொல்வது அந்தப் படத்தை வைத்து அமெரிக்காவின் என்.பி.சி. சேனல் எடுத்த தொடர். 2010 செப்டம்பர் 23 அன்று தொடங்கியது, 2011 மே 12 அன்று முடிந்தது. 22 எபிசோடு, ஒரே சீசன், அவ்வளவுதான். இன்றைக்கு அதைப் பற்றிப் பேச எனக்கு ஆள் கிடைப்பதில்லை. வீட்டுக்காரரிடம் இரண்டு முறை பேசிப் பார்த்தேன், தூங்கிவிட்டார்.

கதை எளிது. டாட் டெம்ப்சி, கான்சஸ் சிட்டிக்காரன். மேனேஜர் பயிற்சி முடித்துக்கொண்டு ஆபீசுக்குத் திரும்பி வந்தால் சீட்டெல்லாம் காலி. கால் சென்டர் முழுவதும் மும்பைக்குப் போய்விட்டது. வேலை வேண்டுமென்றால் நீயும் அங்கே போ என்கிறார்கள். போகிறான். கம்பெனி விற்பது என்ன தெரியுமா? பிளாஸ்டிக் வாந்தி, உட்கார்ந்தால் அசிங்கமாகச் சத்தம் போடும் ரப்பர் பை, பாலாடைக்கட்டித் துண்டு மாதிரி ஒரு தொப்பி. இதையெல்லாம் யார் வாங்குவார்கள், எதற்கு வாங்குவார்கள் என்றே புரியாத ஐந்தாறு பேருக்கு, அதைப் போனில் விற்கக் கற்றுக்கொடுப்பதுதான் டாடின் வேலை.

அந்த ஐந்தாறு பேரில் நானும் ஒருத்தி. தொடரில் இல்லை, நிஜத்தில்.

2008-இலிருந்து 2011 வரை சென்னையில் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு பி.பி.ஓ.வில் இருந்தேன். பெயர் வேண்டாம். அமெரிக்காவில் தபால் வழியாக வீட்டு அலங்காரச் சாமான் விற்கும் ஒரு கம்பெனிக்கு நாங்கள் கஸ்டமர் கேர். நான் விழுப்புரம் பக்கத்துப் பெண். காலேஜில் வைவா கேட்டால்கூட என் குரல் முதல் பெஞ்சைத் தாண்டாது. அப்படிப்பட்டவளுக்கு நாள் முழுக்க, இல்லை, இரவு முழுக்கப் பேசுகிற வேலை. சம்பளம்தான் இழுத்தது.

பயிற்சி ஆறு வாரம். அதில் பாதி, எங்கள் வாயிலிருந்து தமிழை எடுப்பதற்கு. 'எக்ஸிட்' என்றால் நாங்கள் 'யெக்ஸிட்' என்போம், 'எம்.எல்.ஏ.' என்றால் 'யெம்மெல்லே'. டிரெய்னர் அதற்கு 'எம்.டி.ஐ.' என்று ஒரு நோய் மாதிரிப் பெயர் சொல்வார். தாய்மொழி வாடை என்று அர்த்தம். அப்புறம் அந்தப் பேப்பர் பயிற்சி. வாய்க்கு நேரே ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு 'பேப்பர்' என்று சொல்ல வேண்டும், காகிதம் ஆட வேண்டும். தமிழில் 'ப' சொன்னால் காகிதம் ஆடாது. சொல்லிப் பாருங்கள். வடக்கிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு முதல் நாளே ஆடியது. அவர்கள் மொழியில் காற்றோடு சொல்லும் எழுத்து இருக்கிறது. எனக்கு நான்காம் நாள்தான் ஆடியது. அதுவும் ஃபேன் காற்றா என்று டிரெய்னருக்கு ஒரு சந்தேகம்.

என் பெயரில் 'ழ' இருப்பதால் பெயரையும் மாற்றிவிட்டார்கள். போனில் நான் 'கெல்லி'. ஹாஸ்டலில் அது ஒரே வாரத்தில் 'கில்லி' ஆகிவிட்டது.

இந்த நிலைமையில் இருப்பவளிடம், 2010 கடைசியில், கூட வேலை செய்த ஒரு பையன் பென் டிரைவ் ஒன்றைக் கொடுத்து, "நம்மளப் பத்தி அமெரிக்காக்காரன் சீரியல் எடுத்திருக்கான், பாரு" என்றான். எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

முதல் எபிசோடு பார்த்ததும் கோபம்தான் வந்தது. இந்தியச் சாப்பாடு சாப்பிட்டால் வயிற்றைக் கலக்கும் என்று ஜோக். மன்மீத் என்ற பெயரைக் கேட்டு டாட் சிரிக்கிறான் (ஆங்கிலக் காதுக்கு அது 'மேன் மீட்', ஆண் இறைச்சி), அது ஒரு ஜோக். எல்லோரையும் முதல் பெயரால் கூப்பிடும் அந்த ஆபீசில் ஒருவன் மட்டும் வெறும் 'குப்தா'. தெருவில் மாடு, கூட்டம், ஆட்டோ. அமெரிக்க விமர்சகர்களே இதைக் கிழித்தார்கள், நியாயம்தான். படப்பிடிப்பு நடந்ததும் லாஸ் ஏஞ்சலஸ் செட்டில். ஊழியர்களாக வந்த முக்கிய நடிகர்களில் ராஜீவாக நடித்த ரிஸ்வான் மான்ஜி கனடாக்காரர், மன்மீத் ஆன சாச்சா தவான் இங்கிலாந்து, குப்தாவாக வந்த பர்வேஷ் சீனா அமெரிக்கா. மும்பை ஆங்கிலம் என்று அவர்கள் பேசியதைக் கேட்டால் எங்கள் டிரெய்னர் ஆறு வாரம் அல்ல, ஆறு மாதம் வைத்திருப்பார்.

ஆனாலும் விடாமல் பார்த்தேன். காரணம் மதுரி.

மதுரி என்ற பெண்ணுக்கு அந்த ஆபீசில் குரலே எழும்பாது. பக்கத்து சீட்டில் இருப்பவருக்கே கேட்காது, வாடிக்கையாளருக்கு எப்படிக் கேட்கும்? நடித்தவர் பெயர் அனிஷா நாகராஜன் என்று பார்த்ததும் 'அட, நம்ம ஊர்ப் பெயர்' என்று தேடிப் பார்த்தேன். 2004-இல் நியூயார்க் பிராட்வே மேடைக்கு வந்த 'பாம்பே ட்ரீம்ஸ்' இசை நாடகத்தின் நாயகி அவர். ஏ.ஆர். ரஹ்மான் இசை. பல நூறு பேர் முன்னால் தொண்டை திறந்து பாடிய ஒருவரைக் கொண்டுவந்து, வாயே திறக்காத பெண்ணாக உட்கார வைத்திருக்கிறார்கள். அந்த வேலையை அவர் அவ்வளவு சரியாகச் செய்தார். போன் மணி அடித்ததும் தோள் ஒரு அங்குலம் உள்ளே போகும். எனக்கும் அப்படித்தான் போகும்.

நான் முதன்முதலில் குரல் உயர்த்திப் பேசிய அழைப்பு எது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நவம்பர் மாதம். நெப்ராஸ்காவிலிருந்து ஒரு பாட்டி. "என் ட்ரீ ஸ்கர்ட் இன்னும் வரவில்லை" என்றார். ட்ரீ என்றால் மரம், ஸ்கர்ட் என்றால் பாவாடை. மரத்துக்குப் பாவாடையா? தப்பாகக் காதில் விழுந்திருக்கும் என்று மறுபடி கேட்டேன். அதையேதான் சொன்னார். மியூட் பட்டனை அழுத்திவிட்டுப் பக்கத்துச் சீட்டில் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை. எங்கள் இருவருக்கும் சிரிப்பு. மியூட்டை எடுத்துவிட்டு, கொஞ்சம் சத்தமாகவே, "மேடம், மன்னிக்கணும், அது என்னன்னு எனக்குத் தெரியாது" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். அந்த வேலையில் சொல்லவே கூடாத வாக்கியம் அது.

பாட்டி கோபப்படவில்லை. கிறிஸ்துமஸ் மரத்தை ஒரு ஸ்டாண்டில் நிற்க வைப்பார்களாம், அந்த ஸ்டாண்டு அசிங்கமாகத் தெரியாமல் இருக்க அடியில் வட்டமாக ஒரு துணி சுற்றுவார்களாம், அதன்மேல்தான் பரிசுப் பொட்டலங்களை அடுக்குவார்களாம். தன்னுடைய பழைய துணியில் பூனை என்ன செய்தது என்பதையும் விளக்கமாகச் சொன்னார். கடைசியில், "அங்கே இப்போ மணி என்னம்மா?" என்று கேட்டார். எந்த ஊரில் இருக்கிறோம் என்று சொல்லக் கூடாது. அவருக்குப் பிற்பகல் மூன்றே கால் இருக்கும். எனக்கு இரவு மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால். "ரொம்ப லேட் ஆயிடுச்சு, மேடம்" என்றேன். "நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அழைப்பு பதினோரு நிமிடம் ஓடிவிட்டது. எங்களுக்கு அனுமதி ஆறு. அந்த வாரம் குவாலிட்டிக்காரர் அந்த ரெக்கார்டிங்கைத்தான் எடுத்தார். மதிப்பெண் போனது. டீம் லீடர் கூப்பிட்டுத் திட்டினார். அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது ஆபீஸ் பழக்கம். எனக்குக் கடைசி வரை 'சார்' தான் வந்தது. திட்டி முடித்துவிட்டு அவரே, "ஆமா, ட்ரீ ஸ்கர்ட்னா என்ன?" என்றார்.

இதைத்தான் அந்தத் தொடர் பிடித்தது என்று நினைக்கிறேன். ஊரைப் பிடிக்கவில்லை, சாப்பாட்டைப் பிடிக்கவில்லை, ஆங்கிலத்தையும் பிடிக்கவில்லை. ஆனால் தன் கையால் ஒரு முறைகூடத் தொட்டிராத ஒரு பொருளை, அதன் பயனே புரியாமல், 'அருமையான தேர்வு, மேடம்' என்று சொல்லி விற்பவரின் முழி எப்படி இருக்கும் என்பதைப் பிடித்தது. அந்தப் பாலாடைக்கட்டித் தொப்பி நிஜமானது. கிரீன் பே பேக்கர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ரசிகர்கள் அதைத் தலையில் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போவார்கள். அதை விளக்கும் டாடின் முகத்திலும் நடுவில் ஒரு சந்தேகம் வரும், நாம் ஏன் இதைச் செய்கிறோம் என்று. அந்த இடம் நன்றாக இருக்கும்.

தொடரில் பிடிபடாமல் போனது இரவு. எனக்கு நினைவிருக்கும் காட்சிகளில் எல்லாம் வெயில்தான். கேண்டீனில் பளிச்சென்று வெளிச்சம், ஆபீஸ் விட்டால் தெருவில் கூட்டம். எங்கள் வாழ்க்கையில் தெருவே கிடையாது. சாயங்காலம் கேப் வந்து வேளச்சேரி ஹாஸ்டல் வாசலில் ஹாரன் அடிக்கும். விடியற்காலை நாலரைக்கு அதே கேப் கொண்டுவந்து விடும். நடுவில் ஊர் என்பது கேப் ஜன்னலில் தெரியும் கந்தன்சாவடி டீக்கடை ஒன்றுதான். மார்ச்சிலும் நவம்பரிலும் அமெரிக்கா தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றி வைக்கும், உடனே எங்கள் தூக்கமும் ஒரு மணி நேரம் முன்னேயோ பின்னேயோ போகும். என் அம்மாவுக்கு இது கடைசி வரை புரியவில்லை. "அவன் ஊரு கடிகாரத்த மாத்துனா நீ ஏன்டி லேட்டா வர?"

விடுமுறை விஷயத்திலும் தொடர் தலைகீழ். 'ஜாலி விண்டாலூ டே' என்று ஒரு எபிசோடு உண்டு. இந்தியாவில் எவ்வளவு பண்டிகை என்று டாட் குழம்பிப்போயிருக்க, இல்லாத ஒரு பண்டிகையையே உருவாக்கி அவன் தலையில் கட்டுவார்கள். நன்றாகச் சிரித்தேன். ஆனால் எங்களுக்குத் தீபாவளிக்கு லீவு கிடையாது, அமெரிக்கச் சுதந்திர தினத்துக்கு உண்டு. நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் வியாழக்கிழமை லீவு, மறுநாள் வெள்ளிக்கிழமை அங்கே தள்ளுபடி விற்பனை, பாத்ரூம் போகக்கூட நேரம் இருக்காது. பொங்கலுக்குக் கேண்டீனில் ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள், இரவு பத்தரை மணிக்கு.

சரி, ஏன் நின்றுபோனது? நேரம் சரியில்லை என்றுதான் சொல்வேன். 2010-இல் அமெரிக்காவில் வேலையில்லாதோர் விகிதம் 9 சதவீதத்துக்கு மேல். வேலையை இந்தியாவுக்குக் கொண்டுபோன கதையைச் சிரிப்புக் கதையாக எடுத்துக்கொண்டு அந்த வருடமா வருவது? இன்னொரு பாவமும் சேர்ந்துகொண்டது. வியாழக்கிழமை இரவு ஒன்பதரை, பிரபலமான 'தி ஆபீஸ்' தொடர் முடிந்த கையோடு வரும் அருமையான இடத்தை இதற்குக் கொடுப்பதற்காக, 'பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்' தொடரின் மூன்றாவது சீசனை என்.பி.சி. தள்ளிப் போட்டது. அதன் ரசிகர்கள் இதைப் பார்க்கும் முன்பே வெறுக்க ஆரம்பித்துவிட்டார்கள். 2011 ஜனவரியில் அது திரும்பி வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, இது பத்தரைக்குத் தள்ளப்பட்டது. அது ஏழு சீசன் ஓடி 2015-இல் கௌரவமாக முடிந்தது. இது அந்த மே மாதத்தோடு சரி.

நடித்தவர்கள் யாரும் வீணாகப் போகவில்லை. ரிஸ்வான் மான்ஜி 'ஷிட்ஸ் கிரீக்' தொடரில் ரே ஆக வந்தபோது, "ராஜீவ்!" என்று கத்தினேன். சாச்சா தவான் 'டாக்டர் ஹூ'வில் மாஸ்டர் என்ற பெரிய வில்லன். எனக்கு அவர் இன்னும் போனில் அமெரிக்கப் பெண்களிடம் வழியும் மன்மீத்தான்.

நானும் நின்றுபோனேன். தொடர் முடிந்த அதே கோடையில் எங்கள் ப்ராசஸ், அதாவது அந்தக் கம்பெனிக்காக நாங்கள் செய்த வேலை மொத்தமும், பிலிப்பைன்ஸில் இருக்கும் மணிலாவுக்குப் போனது. 2006 படத்தின் முடிவிலும் இந்திய ஆபீசை மூடி வேலையைச் சீனாவுக்குக் கொண்டுபோவார்கள். அதை முன்பே பார்த்திருந்த ஒருவன் மீட்டிங்கில் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். எச்.ஆர். அம்மாவுக்கு ஏன் என்று புரியவில்லை. மணிலாவிலிருந்து வந்திருந்த இரண்டு பெண்களை என் பக்கத்தில் உட்கார வைத்து, மூன்று வாரம் என் அழைப்புகளைக் கேட்க வைத்தார்கள். இருவருக்கும் முதல் நாளே காகிதம் ஆடும் என்று தோன்றியது. கிறிஸ்துமஸ் சாமான் பட்டியலை எடுத்து, ட்ரீ ஸ்கர்ட் என்றால் என்ன என்று ஆரம்பித்தேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் வீட்டிலேயே இருக்கிறதாம்.

பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: முதல் எபிசோடை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். வயிற்றுப்போக்கு ஜோக்குகள் பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும்.