கியர் எண்ணிக்கையும் கம்பியின் கணக்கும்

கேள்வி: என் மலைச்சைக்கிளில் ஷிமானோ 9 வேகப் பின் டீரெய்லர் (சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் கருவி) இருக்கிறது. அதை மாற்றாமல், 10 வேக கேசட்டும் (பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதி) மலைச்சைக்கிளுக்கான 10 வேக ஷிஃப்டரும் (கைப்பிடியில் கியர் மாற்றும் விசை) பொருத்தலாமா?

பதில்: பொருத்தினால் கியர் ஒழுங்காக விழாது. ஷிஃப்டர் ஒரு சொடுக்கில் இழுக்கும் கம்பியின் நீளமும், ஒவ்வொரு மில்லிமீட்டர் இழுப்புக்கும் டீரெய்லர் நகரும் தூரமும் சேர்ந்துதான், 10 வேக கேசட்டின் பல்சக்கரங்களுக்கு இடையிலுள்ள ஏறத்தாழ 3.95 மி.மீ. இடைவெளியைத் தர வேண்டும். உங்கள் டீரெய்லர், கம்பி இழுபடும் நீளத்தைப் போல் சுமார் 1.7 மடங்கு நகரக்கூடியது. நீங்கள் குறிப்பிடும் ஷிஃப்டரோ ஏறத்தாழ 1.2 மடங்கு நகரும் டீரெய்லருக்கென்று கம்பியை அதிகமாக இழுப்பதால், சங்கிலி போக வேண்டிய பல்சக்கரத்தைத் தாண்டியே போய்விடும்.

வியப்பூட்டும் வகையில், சாலைச் சைக்கிளுக்கான ஷிமானோ 10 வேக ஷிஃப்டர் (டியாக்ரா 4700 என்ற வரிசை நீங்கலாக) இதே டீரெய்லருடன் நன்றாகவே இணங்கும். சங்கிலி மட்டும் 10 வேகத்துக்குரியதாக இருக்கட்டும்.