இடதுபக்கம் மட்டும் மக்கர் செய்யும் ஜாய்ஸ்டிக்

கேள்வி: பழைய அட்டாரி வீடியோ கேமின் சிஎக்ஸ்40 ஜாய்ஸ்டிக் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். இடதுபக்கம் மட்டும் பலமாக அழுத்தினால்தான் வேலை செய்கிறது. ரிப்பேர் செய்யலாமா, வேறு வாங்கிவிடட்டுமா?

பதில்: ரிப்பேரே செய்யுங்கள். 1978-ல் வந்த மாடல் இது. உள்ளே பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு சர்க்யூட் போர்டு, அதன்மேல் டேப் ஒட்டிய ஐந்து உலோகக் குமிழ்கள், அவற்றை அழுத்தும் ஒரு பிளாஸ்டிக் தண்டு, ஆறு வயர். அவ்வளவுதான்.

திறப்பதற்கு முன் மல்டிமீட்டரை கன்டினியுட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வையுங்கள். பிளக்கின் ஐந்து துளை வரிசை மேலே இருக்கும்படி நேராகப் பார்த்தால், வலமிருந்து 1, 2, 3, 4 ஆகியவை முறையே மேல், கீழ், இடது, வலது. கீழ் வரிசையில் வலது ஓரம் 6, ஃபயர் பட்டன். அதே வரிசையில் வலமிருந்து மூன்றாவதான 8, எல்லா ஸ்விட்சுக்கும் பொதுவான கிரவுண்ட். 8-லும் 3-லும் முனைகளை வைத்து இடதுபக்கம் தள்ளுங்கள். சில ஓம்களுக்குள் காட்டினால் நல்லது. நூற்றுக்கணக்கில் ஏறி இறங்கினால் குமிழுக்கு அடியில் அழுக்கு. கேபிளை அசைக்கும்போது பீப் விட்டுவிட்டு வந்தால் வயர் அறுந்திருக்கிறது. பெரும்பாலும் பெட்டியை விட்டு வெளியே வரும் இடத்தில்தான் அறும். எந்தப் பக்கமுமே வேலை செய்யவில்லை என்றால் முதலில் கறுப்பு கிரவுண்ட் வயரைச் சந்தேகப்படுங்கள்.

அடியிலுள்ள நான்கு ஸ்க்ரூவையும் கழற்றுங்கள். ஃபயர் பட்டன் ஸ்பிரிங் துள்ளி ஓடும், ஜாக்கிரதை. வயர்களைப் பிடுங்குமுன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டேப்பை மெல்ல உரித்து, குமிழின் உட்புறத்தையும் போர்டின் செம்பையும் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம். மெல்லிய டேப்பாகப் பார்த்து ஒட்டுங்கள்; தடித்த டேப் போட்டால் குமிழ் 'டிக்' என்று மடங்காது. விரலால் அழுத்தியும் அந்த 'டிக்' வரவில்லையா? குமிழ் செத்துவிட்டது, போர்டையே மாற்றுவது சுலபம்.

தண்டைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் வளையத்தையும் பாருங்கள். அதில் ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தாலும் இதே கோளாறுதான் வரும். பசை போட்டு ஒட்டினால் நிற்காது. ஒவ்வொரு தள்ளலிலும் வளைகிற இடம் அது. மாற்று உதிரியே போடுங்கள்.

கேள்வி: அதிகம் விளையாடுபவர்கள் எந்த வகை வாங்கலாம்?

பதில்: உலோகக் குமிழுக்குப் பதில் மைக்ரோஸ்விட்ச் (சின்ன பெட்டி போன்ற ஸ்விட்ச்) உள்ளது. ஒவ்வொரு திசைக்கும் தனி ஸ்விட்ச் என்பதால், கெட்டுப்போனதை மட்டும் சால்டர் செய்து மாற்றிவிடலாம். 'பெட்டியே பிரிக்காதது' என்று விலை ஏற்றுவார்கள். சும்மா கிடந்தாலும் ரப்பர் இறுகும், செம்பு கறுக்கும். மீட்டர் வைத்துப் பார்த்த பழையதே மேல்.

கேள்வி: சேகா மெகா டிரைவ் கேம் கன்சோலின் பேட், கமடோர் 64 கம்ப்யூட்டரில் அப்படியே பொருந்துகிறதே, செருகலாமா?

பதில்: வேண்டாம். பிளக்தான் ஒன்று, வயரிங் வேறு. சிஎக்ஸ்40-க்குள் வெறும் ஸ்விட்ச். அந்த பேடுக்குள் ஒரு சிப் இருக்கிறது. அது கமடோருக்குள் கீபோர்டைப் படிக்கும் சிஐஏ என்ற சிப்பைப் பதம் பார்த்துவிடலாம். அதற்கென்றே செய்த அடாப்டர் இல்லாமல் செருகாதீர்கள்.