முப்பது சீசன்களில் எதைப் பார்ப்பது? வாசகர் கேள்வி-பதில்

குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் கலந்த எம்எம்ஏ சண்டைகளை நடத்தும் அமெரிக்க நிறுவனம் யுஎஃப்சி. அதன் ‘தி அல்டிமேட் ஃபைட்டர்’ ரியாலிட்டி நிகழ்ச்சியைப் பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள். ரசிகர்கள் இதைச் சுருக்கமாக ‘டஃப்’ என்பார்கள். லாஸ் வேகாஸில் ஒரு வீடு, பெரும்பாலும் 16 வீரர்கள், இரண்டு கோச்கள், ஏறக்குறைய ஆறு வாரம். போன் கிடையாது, டிவி கிடையாது, இன்டர்நெட் கிடையாது. கூண்டுக்குள் தோற்றவர் போட்டியிலிருந்து விலக, கடைசிவரை நிற்பவருக்கு யுஎஃப்சி ஒப்பந்தம். பார்க்கப்போகிறவர்களின் சுவாரஸ்யம் கெடக் கூடாது என்பதால், சிபாரிசு செய்யும் சீசன்களில் ஜெயித்தது யார் என்பதை எங்கும் சொல்லவில்லை.

கேள்வி: மொத்தம் 30 சீசனுக்கு மேல் இருக்கிறது. எனக்கு நேரம் இருப்பது ஐந்துக்குத்தான். பெரிய பெயர்கள் கோச்சாக இருக்கும் சீசன்களாகப் பார்த்து எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். எல்லோரும் செய்யும் தவறு இதுதான். கோச் யார் என்று பார்க்காதீர்கள், எடைப் பிரிவு எது என்று பாருங்கள். கோச் திரையில் வருவது கொஞ்ச நேரம்தான். சண்டை போடுகிறவர்கள் அந்த 16 பேர். எடை குறைந்த பிரிவுகளில் திறமைசாலிகள் அதிகம். கால் ஓயாது, தரைச் சண்டையில் ஒரு பிடியிலிருந்து இன்னொரு பிடிக்கு மாறிக்கொண்டே இருப்பார்கள். 120 கிலோ வரை போகும் ஹெவிவெயிட்டில் இரண்டாவது ரவுண்டிலேயே கை தொங்கிவிடும். அதற்குப் பிறகு நடப்பது பெரும்பாலும் கம்பிவலையில் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்குவதுதான்.

என் பட்டியல்: 1, 5, 17, 20, 24. முதல் சீசனைப் பற்றி அடுத்த கேள்வியில் எழுதியிருக்கிறேன்.

5-வது சீசன் 2007-ல் வந்தது. 16 பேரும் ஒரே பிரிவு, லைட்வெயிட், அதாவது 70 கிலோ. நேட் டியாஸ், கிரே மேனார்ட், ஜோ லாசான், கோல் மில்லர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ். கோச்கள் பி.ஜே. பென்னும் ஜென்ஸ் புல்வரும். இதில் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு பார்த்தால் ருசி கூடும். 2006 செப்டம்பரில் யுஎஃப்சி 63-ல் இந்தப் புல்வரை 48 வினாடியில் சாய்த்தவர் லாசான். சில மாதங்கள் கழித்துப் புல்வர் கோச்சாக நிற்கிறார், லாசான் எதிர் அணியில் போட்டியாளர். முதல் நாள் இருவரும் ஒரே அறையில் நிற்கும்போது புல்வரின் முகத்தைக் கவனியுங்கள்.

24-வது சீசன் (2016) பலர் கண்டுகொள்ளாமல் விட்டது. 57 கிலோ ஃப்ளைவெயிட். மற்ற அமைப்புகளில் பட்டம் வைத்திருந்த 16 பேரைப் பல நாடுகளிலிருந்து கூட்டி வந்தார்கள். ஜெயிப்பவருக்கு நேரடியாக அன்றைய சாம்பியன் டிமீட்ரியஸ் ஜான்சனோடு மோதும் வாய்ப்பு. தரவரிசையில் முதல் இடத்தில் அலெக்சாண்ட்ரே பான்டோஜா, கடைசி இடத்தில் பிராண்டன் மொரேனோ. இருவரும் முதல் சுற்றிலேயே மோதினார்கள். மொரேனோ 2021-ல் உலக சாம்பியன் ஆனார். 2023-ல் அவரிடமிருந்து பட்டத்தைப் பறித்தது அதே பான்டோஜா. அந்தப் பகையின் முதல் அத்தியாயம் இந்த வீட்டில்தான் எழுதப்பட்டது.

20-வது சீசன் (2014) முழுக்கப் பெண்கள், 52 கிலோ. இந்தப் பிரிவின் முதல் யுஎஃப்சி பட்டத்துக்கான போட்டியே இந்த சீசன்தான். கார்லா எஸ்பார்சா, ரோஸ் நமஜூனாஸ், ஜெசிகா பென்னி, டீசியா டோரஸ் என்று பலவீனமான ஆளே இல்லாத கூட்டம். நமஜூனாஸுக்கு அப்போது 22 வயது.

17-வது சீசன் (2013) 84 கிலோ மிடில்வெயிட். எடையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு இதைச் சேர்ப்பதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, யூரியா ஹால், கெல்வின் காஸ்டலம் என்ற இரண்டு போட்டியாளர்கள். இரண்டாவது, மூன்றாம் எபிசோடில் வரும் ஒரு சுழல் உதை. முதல் ரவுண்டு முடியும் நேரம். ஒருவர் முதுகைக் காட்டித் திரும்புகிறார், குதிகால் வளைந்து வந்து எதிராளியின் தலையில் இறங்குகிறது. விழுந்தவர் அசையவில்லை. கத்திக்கொண்டிருந்த இரு அணிகளும் சட்டென்று அடங்கிவிடுகின்றன. அடித்தவர் முகத்தில் ஜெயித்த சந்தோஷம் வந்த வேகத்தில் வடிந்துபோகிறது. வீட்டிலிருந்த மற்றவர்கள் அதற்குப் பிறகு அவரைப் பார்க்கும் விதமே வேறு. அடுத்தடுத்த சண்டைகளில் அந்தப் பயம் வேலை செய்வதைப் பார்க்கலாம்.

ஆறாவதாக ஒன்றுக்கு நேரம் கிடைத்தால் 14-வது சீசன். 66 கிலோ, 61 கிலோ பிரிவுகள் முதன்முதலில் வந்தது அதில்தான். ஜான் டாட்சனும் டி.ஜே. டில்லஷாவும் அந்த வீட்டில் இருந்தார்கள்.

கேள்வி: 2005-ல் வந்த முதல் சீசன் இன்று பார்க்கச் சகிக்குமா? முதல் இரண்டு எபிசோடில் ஒரு சண்டைகூட இல்லையே?

பதில்: பொறுத்துக்கொள்ளுங்கள். அப்போது அவர்களுக்கே இது எந்த மாதிரி நிகழ்ச்சி என்று தெளிவில்லை. அதனால்தான் அணிகளுக்கு உடற்பயிற்சிப் பந்தயம் வைத்து ஆள் நீக்கும் வழக்கமான ரியாலிட்டி ஷோ சங்கதிகள் ஆரம்பத்தில் நிறைய. அவசரமாக இருந்தால் அந்தப் பந்தயக் காட்சிகளை ஓட்டிவிடலாம். ஆனால் யுஎஃப்சி தலைவர் டேனா வைட் வீரர்களை வரிசையாக நிற்கவைத்துப் பேசும் காட்சியை விடாதீர்கள். வீட்டுக்குள் போடும் சண்டைக்குப் பணம் இல்லையா என்று சிலர் முணுமுணுக்க, உங்களில் யாருக்கு நிஜமாகவே சண்டைக்காரனாக வேண்டும் என்று வெளுத்து வாங்குவார். ஷோவின் குணமே அந்த நிமிடத்தில் மாறுகிறது.

பின்னணி தெரிந்தால்தான் அதன் கனம் புரியும். ஃபெர்டிட்டா சகோதரர்கள் 2001-ல் யுஎஃப்சியை 20 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். சில ஆண்டுகளில் நஷ்டம் 3 கோடி டாலரைத் தாண்டியது. எந்தச் சேனலும் காசு போட்டு எடுக்கத் தயாராக இல்லை. ஏறத்தாழ 1 கோடி டாலர் தயாரிப்புச் செலவைத் தாங்களே ஏற்று ஸ்பைக் டிவிக்குக் கொடுத்தார்கள். மல்யுத்த நிகழ்ச்சியான ‘ரா’ முடிந்த கையோடு ஒளிபரப்பானது. 2005 ஏப்ரல் 9 அன்று நடந்த ஃபாரஸ்ட் கிரிஃபின் – ஸ்டீபன் போனர் இறுதிச் சண்டை 15 நிமிடம் முழுக்க ஓடியது. நுணுக்கத்தில் அதைவிடச் சிறந்த சண்டைகள் எத்தனையோ உண்டு. ஆனால் ஒருவர்கூடப் பின்வாங்காத அந்த 15 நிமிடம்தான் நிறுவனத்தைக் கரைசேர்த்தது.

கேள்வி: கடைசி எபிசோடு வரை பார்த்துவிட்டேன். இறுதிப் போட்டியையே காணோம். ஏன்?

பதில்: பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. வீட்டுக்குள் எடுப்பது அரையிறுதி வரைதான். இறுதிப் போட்டி சில வாரம், சில சமயம் சில மாதம் கழித்து, ரசிகர்கள் முன்னால் தனி நிகழ்ச்சியாக நேரலையில் நடக்கும். ஓடிடியில் அது சீசன் எபிசோடுகளோடு இல்லாமல், யுஎஃப்சி நிகழ்ச்சிகள் பகுதியில் அந்த சீசனின் ‘ஃபினாலே’ என்ற பெயரில் இருக்கும். பழைய சீசன்களை யுஎஃப்சியின் சொந்த ஓடிடியான ஃபைட் பாஸில் தேடுங்கள். சீசன் தொடங்கும் முன்பே ஃபினாலே எங்கே இருக்கிறது என்று பார்த்துக் குறித்துவைத்துவிடுங்கள். கடைசி நேரத்தில் தேடினால் முடிவுதான் முதலில் கண்ணில் படும்.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சீசனுக்கு 12, 13 எபிசோடு. விளம்பரம் போக ஒன்று 40 முதல் 45 நிமிடம். ஃபினாலேயும் சேர்த்தால் ஒரு சீசனுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

கேள்வி: முடிவு தெரியாமல் பார்க்க என்ன வழி?

பதில்: வீரரின் பெயரைக் கூகுளில் தட்டாதீர்கள், அவ்வளவுதான் பெரிய விதி. வீட்டுச் சண்டைகள் கண்காட்சிப் போட்டிகளாகவே கணக்கு. வெற்றி தோல்விப் பட்டியலில் அவை ஏறாது, அதனால் பட்டியலைப் பார்த்தாலும் வீட்டுக்குள் நடந்தது தெரியாது. ஆனால் ஃபினாலே முடிவு அதில் இருக்கும்.

இன்னொரு சங்கதி, திரையின் அடியில் ஓடும் நேரக் கோடு. ஆரம்பச் சுற்றுச் சண்டை இரண்டு ரவுண்டு, ஒவ்வொன்றும் 5 நிமிடம். சமமாக முடிந்தால் மூன்றாவது ரவுண்டு உண்டு. நடுவில் ஒரு நிமிட ஓய்வையும் சேர்த்தால் இரண்டு ரவுண்டுக்கு 11 நிமிடம், மூன்றுக்கு 17. மணி அடிக்கும்போது எபிசோடில் 8 நிமிடம்தான் மிச்சம் என்றால் நாக் அவுட்டோ எதிராளியைப் பணியவைக்கும் பிடியோ வரப்போகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். 20 நிமிடம் மிச்சம் என்றால் மூன்றாவது ரவுண்டு வரலாம் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். சண்டை தொடங்கியதும் ரிமோட்டைத் தள்ளி வையுங்கள். நிறுத்தினால் கோடு தெரியும்.

கேள்வி: கோச்கள் இருவரும் கடைசியில் மோதிக்கொள்வார்கள் என்கிறார்கள். மெக்ரெகர் சீசனைப் பார்த்தேன், சண்டையே நடக்கவில்லையே?

பதில்: கோச்சை நம்பி சீசனைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்று சொன்னதற்கு இன்னொரு காரணம் இதுதான். 2023-ல் வந்த 31-வது சீசனில் மெக்ரெகரும் மைக்கேல் சாண்ட்லரும் கோச்கள். 2024 ஜூனுக்கு நாள் குறித்து, மெக்ரெகரின் கால்விரல் காயத்தால் அதுவும் ரத்து. 13-வது சீசனில் பிராக் லெஸ்னர் குடல் நோயால் விலகினார். 15-ல் டொமினிக் குரூஸுக்கு முழங்கால் தசைநார் அறுந்தது. 16-ல் ஷேன் கார்வினுக்குக் காயம். 11-ல் டிட்டோ ஓர்ட்டிஸுக்குப் பதில் ரிச் ஃபிராங்க்ளின் வந்தார். படப்பிடிப்புக்கும் சண்டைக்கும் நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி இருக்கிறது, அதற்குள் பயிற்சியில் காயம் வந்துவிடுகிறது.

நடந்தவற்றில் சீசனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை: முதல் சீசனுக்கு யுஎஃப்சி 52 (கூச்சர் – லிடல்), 7-க்கு யுஎஃப்சி 86 (ஜாக்சன் – கிரிஃபின்), 9-க்கு யுஎஃப்சி 100 (ஹெண்டர்சன் – பிஸ்பிங்), 18-க்கு யுஎஃப்சி 168 (ரௌசி – டேட்).

கேள்வி: ஜூடோ கற்கும் என் மகளுக்கு 15 வயது. அவளோடு உட்கார்ந்து பார்க்கக்கூடிய சீசன் எது?

பதில்: எல்லா சீசனிலும் ரத்தமும் கெட்ட வார்த்தையும் உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முதல் சீசனில் குடித்துவிட்டு ரகளை, 8-வது சீசனில் அருவருப்பான குறும்புகள். இரண்டையும் பிள்ளைகளோடு பார்க்க வேண்டாம். 20-வதை நீங்கள் முதலில் ஓரிரண்டு எபிசோடு பார்த்துவிட்டு அவளுக்குக் காட்டுங்கள். வீட்டுக்குள் வாய்ச்சண்டை இருந்தாலும் போட்டிகள் தரமானவை. ரோண்டா ரௌசி 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜூடோ வெண்கலம் வென்றவர். அவரது ஜூடோவைப் பார்க்க 18-வது சீசன் முழுக்க வேண்டியதில்லை, யுஎஃப்சி 168 சண்டை ஒன்று போதும். டேட்டைப் பிடித்து இடுப்பில் ஏற்றி எறிவதை மெதுவாக ஓட்டிக் காட்டுங்கள். எறிந்த கையோடு தரையில் எந்தப் பிடிக்குப் போகிறார் என்பதுதான் அவள் கவனிக்க வேண்டியது.

கேள்வி: ஷோவைப் பார்த்துவிட்டு எங்கள் ஜிம்மில் சிலர் தண்ணீர் குடிக்காமல் எடை குறைக்கிறார்கள். இது சரியா?

பதில்: தவறு, ஆபத்தும்கூட. லைட்வெயிட் வரம்பு 70 கிலோ என்றால் அந்த வீரர்கள் சாதாரண நாளில் 77, 78 கிலோ இருப்பார்கள். கடைசிச் சில கிலோ கொழுப்பு அல்ல, வெறும் தண்ணீர். சுடுதண்ணீர்த் தொட்டியிலும் நீராவி அறையிலும் வியர்த்து இறக்குகிறார்கள். எடை பார்த்த பிறகு ஒரு நாள் அவகாசத்தில் திரும்ப ஏற்றுகிறார்கள். டஃபில் ஆறு வாரத்துக்குள் இரண்டு, மூன்று தடவை இதைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் முந்தையதைவிடக் கடினமாகிறது. உடல் தண்ணீரை விடாது, கால் கனக்கும், அடி தாங்கும் சக்தி குறையும், சிறுநீரகத்துக்கு மேல் சுமை ஏறும். 5-வது சீசனில் ஒருவர் எடைக்கு வர முடியாமலே வெளியேறினார். 26-வது சீசனில் இறுதிக்கு வந்த சிஜாரா யூபாங்க்ஸ், எடை குறைக்கும்போது உடல்நிலை கெட்டு, பட்டப் போட்டிக்கு முந்தைய நாள் விலக நேர்ந்தது. மருத்துவர் மேற்பார்வை உள்ள இடத்திலேயே கதி இது. உங்கள் ஜிம் நண்பர்களுக்கு 5-வது சீசனில் அந்த வீரர் எடையோடு போராடும் எபிசோடைப் போட்டுக் காட்டுங்கள்.

கேள்வி: பயிற்சி முறைகளைப் பார்க்க எது நல்லது?

பதில்: 12-வது. ஜார்ஜ் சான்-பியர் கோச். வெளியிலிருந்து ஆட்களை வரவழைத்துத் தன் அணிக்குக் கற்றுக்கொடுப்பார். பிரெஞ்சு முவே தாய் (தாய்லாந்து குத்துச்சண்டை) வீரர் ஜான்-சார்ல் ஸ்கார்பொவ்ஸ்கி வந்து அணியினரோடு மோதும் எபிசோடை இரண்டு தடவை பாருங்கள். இரண்டாம் தடவை கையைப் பார்க்காமல் அவர் காலை வைக்கும் இடத்தை மட்டும் பாருங்கள்.

கேள்வி: இந்திய வீரர் அன்ஷுல் ஜூப்ளி எந்த சீசனில் வந்தார்?

பதில்: டஃபில் அல்ல. அவர் வந்தது ஆசிய வீரர்களுக்கான ‘ரோட் டு யுஎஃப்சி’ போட்டி வழியாக. 2023 பிப்ரவரியில் லைட்வெயிட் இறுதியில் வென்று ஒப்பந்தம் பெற்றார். அதில் வீடு கிடையாது, கோச் அணிகள் கிடையாது, நேராகச் சண்டைதான். வீட்டு ரகளை பிடிக்காதவர்களுக்கு அதுவே நல்ல தேர்வு.