‘வர முடியலை’ என்று சொல்ல ஒரு பட்டன்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, திருச்சியில் பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்குத் தேர்வெழுதித் தரும் தன்னார்வலர்களை ஒருங்கிணைக்கிறோம். ஐந்து தோழிகளாகத் தொடங்கினோம், இப்போது 140 பேர். எல்லாம் இரண்டு வாட்ஸ்அப் குழுவிலும் ஒரு கூகுள் ஷீட்டிலும்தான் ஓடுகிறது. என் தம்பிக்கு ஆப் செய்யத் தெரியும். அதற்கு முன், கம்பெனிகளில் ஷிஃப்ட் போடப் பயன்படும் டெபுட்டி, வென் ஐ ஒர்க், சோஹோ ஷிஃப்ட்ஸ் போன்றவற்றைப் பார்த்து நல்லதை எடுத்துக்கொள்ளலாம் என்கிறான். ஜி.பி.எஸ். வருகைப்பதிவு வேண்டும், ஆட்களை 500 ஆக்க வேண்டும் என்பதும் அவன் யோசனை. நீங்கள் கால்சென்டரில் ரோஸ்டர் (யாருக்கு எந்த ஷிஃப்ட் என்ற பட்டியல்) போட்டவர் என்று இந்தப் பகுதியில் எழுதியிருந்தீர்கள். எதை எடுக்கலாம், எதை விடலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: ரோஸ்டர் போட்டது பதினோரு வருடம். தேர்வெழுதப் போவதும் ஏழெட்டு வருடமாக நடக்கிறது. இரண்டும் ஒரே கடிதத்தில் வந்து சேர்ந்ததால் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு நவம்பர் காலையைச் சொல்ல வேண்டும். சென்னையில் ஒரு கல்லூரி வாசல், பத்து மணிக்குத் தேர்வு. வரலாறு படிக்கும் ஒரு மாணவர் 9.20-க்கே வந்து நின்றுகொண்டிருந்தார். அவருக்கு எழுத வேண்டியவர் வரவில்லை. நான் வேறொரு மாணவிக்கு எழுதப் போயிருந்தேன். 9.50-க்குத்தான் ஒருங்கிணைப்பாளர் போனில் கிடைத்தார். அவர் குழுவைத் திறந்து மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தால், எழுத வேண்டிய பெண் அன்று காலை 5.40-க்கே செய்தி போட்டிருக்கிறார்: அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, வர முடியவில்லை, மன்னிக்கவும். அதற்குக் கீழே முப்பதுக்கும் மேல் காலை வணக்கப் படங்கள், ஒருவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து. நான்கு மணி நேரத்துக்கு மேல் கையில் இருந்தும் யாரும் பார்க்கவில்லை. கல்லூரி அலுவலகத்திலிருந்து ஒருவரைப் பிடித்து உட்கார வைத்தபோது மணி 10.45. “பரவாயில்லை மேடம், பழகிப்போச்சு” என்றார் அந்த மாணவர். அந்தச் சொல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் எந்த மென்பொருளைக் காட்டினாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: ஒருவர் ‘முடியலை’ என்றதும் அடுத்த ஐந்து நிமிடத்தில் என்ன நடக்கிறது?

இந்த இடத்தில் கம்பெனி மென்பொருள்களிடம் நிறையக் கற்கலாம். டெபுட்டி 2008-ல் சிட்னியில் தொடங்கியது. கடை, உணவகம், மருத்துவமனை போன்ற இடங்களுக்கானது. அதிலும் வென் ஐ ஒர்க்கிலும் ஷிஃப்டை விட்டுக்கொடுக்கவும் மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது. எடுத்துக்கொள்ளத் தோதானவர்களின் போனுக்கு அந்த ஷிஃப்ட் போகும். ஒருவர் எடுத்துக்கொண்டால் மேலாளர் ஒப்புதல் தருவார். இதை அப்படியே எடுங்கள், மேலாளர் ஒப்புதலை மட்டும் விடுங்கள். காலை 5.40-க்கு நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். தகுதியுள்ளவர் யார் முதலில் ‘நான் போகிறேன்’ என்கிறாரோ அவருக்கே அந்தத் தேர்வு. உங்களுக்குத் தகவல் மட்டும் வந்தால் போதும். அரை மணி நேரத்தில் யாரும் எடுக்கவில்லை என்றால் உங்கள் போன் மணி அடிக்க வேண்டும். அழைப்பாகவே வரட்டும், குறுஞ்செய்தி போதாது.

‘முடியலை’ பட்டனை அழுத்தினால் காரணம் கேட்காதீர்கள். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். நான் வேலை பார்த்த நிறுவனத்தில் விடுப்பு கேட்டால் மென்பொருளே கணக்குப் பார்த்து மறுத்துவிடும். அந்த வாரத்துக்கான விடுப்பு அளவு முடிந்துவிட்டது என்று ஒரு சிவப்பு வரி வரும். தங்கை கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பே கேட்ட பையனுக்கும் அதே வரிதான். அவன் என்ன செய்வான்? கல்யாணத்தன்று காலை ஆறு மணிக்குக் காய்ச்சல் என்று போன் செய்தான். முன்கூட்டியே உண்மை சொன்னவனுக்கு வழி இல்லாததால், எங்களுக்குத் தெரிய வேண்டியது கடைசி நிமிடத்தில்தான் தெரிந்தது. பிறகு ஆட்களே தங்களுக்குள் மாற்றிக்கொள்ள அனுமதித்தோம், அப்புறம்தான் காலை நேரக் காய்ச்சல்கள் குறைந்தன. சம்பளம் வாங்குபவர்களே அப்படி என்றால், மனமுவந்து வருபவர்களைக் கேள்வி கேட்டால் பட்டனை அழுத்தாமலே இருந்துவிடுவார்கள். தேர்வுக்கு முந்தின நாள் மாலை ஏழு மணிக்குள் ‘நாளை வருகிறேன்’ என்று ஒருமுறை உறுதி கேளுங்கள். பதில் வராவிட்டால் வரமாட்டார் என்றே வைத்துக்கொண்டு அடுத்தவரைத் தேடலாம்.

இரண்டாவதாக எடுக்க வேண்டியது தகுதிப் பொருத்தம். கம்பெனி மென்பொருளில் முதலுதவி படித்தவர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தெரிந்தவர் என்று ஒவ்வொருவர் பெயரிலும் குறித்து வைப்பார்கள். உங்களுக்கு இது இன்னும் நுணுக்கமானது. மத்திய அரசு 2018 ஆகஸ்டில் வெளியிட்ட நெறிமுறை, தேர்வர் தானே அழைத்து வரும், எழுதித் தருபவருக்குத் தேர்வரைவிட ஒரு படி குறைந்த கல்வித் தகுதிதான் இருக்க வேண்டும் என்றது; 2025-ல் அது திருத்தப்பட்டது. வங்கித் தேர்வுக்கு ஒரு விதி, பல்கலைக்கழகத்துக்கு ஒரு விதி என்று நடைமுறை மாறும். ஆகவே தேர்வு வாரியாக விதியைப் பதிந்து வையுங்கள். தன்னார்வலர் பக்கத்தில் படிப்பு, தமிழில் எழுதுவாரா ஆங்கிலத்திலா, கணக்குக் குறியீடுகள் எழுத வருமா, எந்தப் பகுதியில் இருக்கிறார் என்பதெல்லாம் இருக்க வேண்டும். பொருளாதாரத் தாளுக்கு வரைபடம் போடத் தெரியாத ஒருவரை அனுப்பி, மாணவர் வாயால் வளைகோடு விளக்கித் தவித்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

நேரக் கணக்கையும் ஆப்பிடமே விடுங்கள். மத்திய அரசின் நெறிமுறைப்படி மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. பத்து முதல் ஒரு மணி வரையான தேர்வு, உங்கள் ஆளுக்கு இரண்டு மணி வரை. அரை நாள் விடுப்பு போட்டு வருபவர்களுக்கு இதை யாரும் முன்பே சொல்வதில்லை. ஒருவரைக் காலைத் தேர்வுக்கும் அதே நாள் இரண்டு மணித் தேர்வுக்கும் சேர்த்துப் போட்டுவிடும் தவறும் இதனால்தான் வருகிறது. அமெரிக்காவில் ஒரேகான் மாநிலம் 2017-ல் கொண்டுவந்த சட்டம், பெரிய கடைகளிலும் உணவகங்களிலும் இரண்டு ஷிஃப்டுக்கு நடுவே இத்தனை மணி ஓய்வு வேண்டும் என்கிறது. இரவு கடையைப் பூட்டியவரையே விடியற்காலையில் திறக்க வரச்சொல்லும் பழக்கத்துக்கு எதிரான விதி அது. அதனால் இரு ஷிஃப்டுக்கு இடையிலான இடைவெளியைச் சரிபார்ப்பது இந்த வகை மென்பொருள்களில் சாதாரணம். அதையும் தம்பியிடம் செய்யச் சொல்லுங்கள்.

விட வேண்டியவை சீக்கிரம் முடியும். கால்சென்டர் மென்பொருளின் இதயம் முன்கணிப்பு: எத்தனை அழைப்பு வரும், எத்தனை பேர் வேண்டும் என்பது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் 1917-ல் வெளியிட்ட சூத்திரம்தான் இன்றும் அதன் அடிப்படை. எனக்கு அந்த மனிதர் மேல் பெரிய மரியாதை உண்டு, ஆனால் உங்களுக்கு அவர் தேவையில்லை. தேர்வு அட்டவணை வந்த அன்றே உங்கள் தேவை தெரிந்துவிடும். அதேபோல இந்த மென்பொருள்கள் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குபவை. வருடத்தில் மூன்று நாள் வரும் ஒருவருக்குப் பன்னிரண்டு மாதம் பணம் கட்டுவதில் பொருளே இல்லை. தம்பி சொந்தமாகச் செய்வது சரிதான். ஆனால் மெல்போர்னின் ராஸ்டர்ஃபை, கனடாவின் பெட்டர் இம்பாக்ட் என்று தன்னார்வலர்களுக்கென்றே வந்தவற்றையும் அவர் பார்க்கட்டும். 2004 சுனாமிக்குப் பின் இலங்கையில் பிறந்த சகானா, பேரிடர் உதவிகளை ஒருங்கிணைப்பதற்கான கட்டற்ற மென்பொருள், அதன் நிரலைத் திறந்தே படிக்கலாம்.

ஜி.பி.எஸ். வேண்டாம். மணிக்கணக்கில் கூலி கொடுப்பவர் இடமும் நேரமும் பார்ப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. உங்களிடம் கூலி இல்லை. தவிர, தேர்வறைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், பிறகு எப்படி வெளியேறும் நேரத்தைப் பதிவது? ‘வாசலுக்கு வந்துவிட்டேன்’ என்று ஒரு தொடுதல், அது உடனே மாணவரின் போனில் ஒலிக்கட்டும். தெரிய வேண்டியவர் அவர்தான்.

எந்த கம்பெனி மென்பொருளும் கற்றுத்தராத ஒன்று இங்கேதான் வருகிறது. உங்கள் ஆப்பைத் திறப்பவர்களில் பாதிப் பேர் திரையைப் பார்க்க மாட்டார்கள், கேட்பார்கள். கட்டம் கட்டமாக நாள்காட்டி, விரலால் பெயரை இழுத்துப் போடுவது எல்லாம் டாக்பேக்கில் (ஆண்ட்ராய்டு போன் திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் வசதி) கேட்பவருக்குச் சுவர். ஒவ்வொரு பட்டனுக்கும் தமிழில் பெயர் இருக்க வேண்டும். வெறும் ‘பட்டன், பட்டன்’ என்று போன் சொன்னால் அவர் என்ன செய்வார்? அட்டவணையைப் படமாக அனுப்பும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். முதல் வாரமே இரண்டு மாணவர்களிடம் கொடுத்து, தம்பி பக்கத்தில் உட்கார்ந்து எதுவும் பேசாமல் கவனிக்கட்டும். மாற்றுத்திறனாளிச் சான்றிதழ்களைக் குழுவில் போடுவதும் நிற்க வேண்டும். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது என்பது ஒரு பக்கம். தன் உடல்நிலை பற்றிய தாள் 140 பேர் போனில் கிடப்பதை எந்த மாணவரும் விரும்பமாட்டார் என்பது அதைவிட முக்கியம்.

500 பேர் பற்றி: 2020 மார்ச்சில் பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை இரண்டரை லட்சம் தன்னார்வலர்களைக் கேட்டது, சில நாட்களில் ஏழரை லட்சம் பேர் பதிந்தார்கள். ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் ஒரு வேலையும் வராமல் காத்திருந்தவர்கள் பலர். உங்கள் 140 பேரில் போன செமஸ்டரில் ஒருமுறைகூட அழைக்கப்படாதவர்கள் யார் என்று ஷீட்டில் பாருங்கள். முதலில் அவர்களைக் கூப்பிடுங்கள்.

ஆப் வந்த பிறகும் ஒரு பழைய பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். 2021 டிசம்பரில் குரோனோஸ் என்ற மிகப் பெரிய பணிநேர மென்பொருளை இணையத் தாக்குதல் முடக்கியபோது, அமெரிக்க மருத்துவமனைகள் வாரக்கணக்கில் தாளும் பேனாவுமாகச் சமாளித்தன. ஒவ்வொரு இரவும் மறுநாள் பட்டியலை, தொலைபேசி எண்களோடு, ஒரு தாளில் எடுத்து உங்கள் பையில் போடுங்கள்.

ஆசிரியர் குழு வழியாக என் எண்ணை அனுப்பியிருக்கிறேன். பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்: இளங்கலை, தமிழும் ஆங்கிலமும் எழுதுவேன், கணக்குத் தாள் வேண்டாம். சென்னையிலிருந்து வர வேண்டும் என்பதால் முந்தின நாள் மதியத்துக்குள் சொல்லிவிடுங்கள்.