எஃப்டி முதிரும்வரை பல் பொறுக்குமா?

கேள்வி: எனக்கு 62 வயது. கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றிலும் மேல் முன்பல் ஒன்றிலும் ரூட் கேனால் முடிந்துவிட்டது. கேப் போட, உலோகத்தின் மேல் செராமிக் என்றால் பல்லுக்கு 5,000 ரூபாய், ஜிர்கோனியா (உலோகம் இல்லாத, உறுதியான வெள்ளைச் செராமிக்) என்றால் 12,000 என்கிறார் டாக்டர். என் ஒரு லட்ச ரூபாய் எஃப்டி முதிர இன்னும் 8 மாதம் இருக்கிறது. அதுவரை பொறுக்கலாமா, இல்லை மலிவானதைப் போட்டு முடித்துவிடலாமா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, பொறுக்க வேண்டாம். ரூட் கேனால் செய்த கடைவாய்ப்பல் உள்ளே குடையப்பட்டு வலுவிழந்து நிற்கிறது. கேப் இல்லாமல் ஒரு சீப்புச் சீடையைக் கடித்தாலே பிளந்துவிடலாம். ஈறுக்குக் கீழே பிளந்துவிட்டால் பல்லைப் பிடுங்க வேண்டியதுதான். பிறகு இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைக்கிற செலவுக்கு முன்னால் இந்த 12,000 சின்னத் தொகை.

எஃப்டியை உடைக்கவும் வேண்டாம். அதே வங்கியில் எஃப்டி மேல் கடன் கேளுங்கள். வைப்பு வட்டியைவிடப் பெரும்பாலும் 1 முதல் 2 சதவீதம்தான் கூடுதலாகக் கேட்பார்கள். உங்கள் வைப்புக்கும் வட்டி வந்துகொண்டே இருக்கும். 24,000 ரூபாயை 8 மாதத்துக்கு வாங்கினால், 2 சதவீத வித்தியாசத்துக்கு நீங்கள் இழப்பது சுமார் 320 ரூபாய். இதற்காக நகையை அடகுக்குக் கொண்டுபோக அவசியமே இல்லை.

எதைப் போடுவது? நம் வீடுகளில் முகப்புக்கு ஒரு வேலைப்பாடு, இரண்டாம் கட்டுக்கு ஒரு வேலைப்பாடு. பல்லுக்கும் அப்படித்தான். கடைவாய்க்கு ஒரே கட்டியில் கடைந்த முழு ஜிர்கோனியா நல்லது. மேலே பூசிய செராமிக் கடினமானதைக் கடித்தால் பெயரக்கூடும். கையில் பணம் முடையாக இருந்தால் அங்கே முழு உலோகக் கேப் போட்டாலும் எனக்குச் சம்மதமே. நிறம் உறுத்தும், ஆனால் நெடுநாள் உழைக்கும்.

முன்பல்லில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். என் ஆத்தாவுக்கு அங்கே உலோகச் செராமிக் போட்டோம். எட்டு வருஷத்தில் ஈறு இறங்கி, ஓரத்தில் கறுப்புக் கோடு தெரிந்தது. சிரிக்கும்போதெல்லாம் முந்தானையால் வாயை மூடிக்கொள்வார். கடைசியில் கழற்றிப் புதிதாகப் போட்டோம், செலவு இரட்டிப்பு. 12,000 ரூபாய் கேப் 12 வருஷம் உழைத்தால் வருஷத்துக்கு 1,000தான்.

ஆனால் முழு ஜிர்கோனியா முன்பல்லில் சுண்ணாம்பு போல வெளுத்துத் தெரியலாம். ஒளி ஊடுருவும் செராமிக் அடுக்கு மேலே வைத்த ஜிர்கோனியா கேளுங்கள். உங்கள் பல் கறுத்திருந்தால் அதையும் அது மறைக்கும். பல்லைச் சீவுவதற்கு முன்பே, பகல் வெளிச்சத்தில் நிறம் பார்க்கச் சொல்லுங்கள். வேலையின்போது காய்ந்துபோன பல், இருப்பதைவிட வெளுப்பாகத் தெரியும். ஒட்டுவதற்கு முன் ஒருமுறை மாட்டி, கண்ணாடியில் நீங்களே பார்த்துவிடுங்கள்.

வாரன்டி அட்டையை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அது பெரும்பாலும் கேப்புக்குத்தான். அடியில் பல் சொத்தையானால் பொறுப்பேற்காது.

கட்டணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியே கட்டி, ரசீது வாங்குங்கள். மருத்துவக் காப்பீடு இல்லாத 60 வயது கடந்தவர்களுக்கு, வருமான வரியின் பழைய முறையில் மருத்துவச் செலவுக்கு 50,000 ரூபாய்வரை கழிவு உண்டு. 80டி என்று சொன்னால் உங்கள் ஆடிட்டருக்குப் புரியும். கடைவாய்ப்பல்லுக்கு இந்த வாரமே நாள் கேட்டுவிடுங்கள்.