தட்டைத் திருப்பிப் போடுங்கள்: பிரிட்டிஷ் இண்டி கேள்வி பதில்

வணக்கம். இன்று சாயங்காலம் முழுக்க இங்கேதான் இருப்பேன். எனக்குத் தெரிந்தது ஏறக்குறைய 1978இலிருந்து 2007 வரைக்குமான பிரிட்டிஷ் இண்டி (இண்டிபெண்டன்ட், அதாவது சுயேச்சை என்பதன் சுருக்கம்), ஆல்டர்நேட்டிவ் ராக். அதற்கு முன்னும் பின்னும் கேட்டால் சமாளிப்பேன், ஆனால் நம்பிவிடாதீர்கள். நான் வாசிப்பவனும் இல்லை, விமர்சகனும் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருச்சியில், பிபிசி தமிழோசை முடிந்ததும் ரேடியோவை அணைக்காமல் உலக சேவைப் பக்கம் முள்ளை நகர்த்தி, கரகரப்புக்கு நடுவே பிபிசி தொகுப்பாளர் ஜான் பீல் போட்ட பாட்டுகளைக் கேட்டுக் கெட்டுப்போனவன். பிறகு வேலைக்காக ஒன்பது வருடம் லீட்ஸில் இருந்தேன், சம்பளத்தில் கணிசமான பங்கு பழைய இசைத்தட்டுக் கடைகளுக்குப் போனது. ஆரம்பிக்கும் முன் ஒரே எச்சரிக்கை: செயலியில் ஒரு குழுவின் பெயரைத் தட்டினால் மேலே ஐந்து பிரபலமான பாட்டு வருமே, அதைக் கேட்டுவிட்டு அந்தக் குழுவைக் கேட்டாயிற்று என்று சொல்லாதீர்கள்.

மழைக்காகம்: அண்ணா, எனக்கு எல்லாமே புதிது. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

ஸ்மித்ஸ் குழுவிடமிருந்து. ஆனால் 1984 பிப்ரவரியில் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்திலிருந்து வேண்டாம். அதை ஒரு தயாரிப்பாளரோடு முழுக்கப் பதிவு செய்து, பிடிக்காமல் தூக்கிப் போட்டு, இன்னொருவரோடு மறுபடியும் செய்தார்கள். அந்தக் களைப்பு தட்டில் கேட்கிறது. அதே வருடம் நவம்பரில் வந்த ‘ஹாட்ஃபுல் ஆஃப் ஹாலோ’ தொகுப்பை எடுங்கள். அதில் பாதிக்குமேல் பிபிசி வானொலிக்காக மளமளவென்று வாசித்து முடித்தவை, முதல் ஆல்பத்தின் பாட்டுகளே அங்கே உயிரோடு இருக்கின்றன.

நல்ல பாட்டு பல நேரம் தட்டின் பின்பக்கத்தில்தான் இருக்கும் என்ற என் பெரிய கட்சிக்கும் அந்தத் தொகுப்பு சாட்சி. 1984 ஆகஸ்டில் ஸ்மித்ஸ் ஒரு சிங்கிள், அதாவது ஒரு பாட்டை முன்னிறுத்தி விற்கும் தட்டு, வெளியிட்டார்கள், ‘வில்லியம், இட் வாஸ் ரியலி நத்திங்’. முன்பக்கம் அந்தப் பாட்டு, இரண்டு நிமிடம் சொச்சம். 12 அங்குலத் தட்டைத் திருப்பிப் போட்டால் அங்கே ‘ஹவ் சூன் இஸ் நவ்?’ இருந்தது. அவர்களுடைய பாட்டுகளிலேயே பெரியது என்று இன்று பலரும் சொல்வது, அன்று பின்பக்கத்து உபரிப் பாட்டு! அதன் தொடக்கத்தில் அலை அலையாக அடிக்கும் கிடார் சத்தத்துக்காகக் குழுவின் கிடார்காரர் ஜானி மாரும் தயாரிப்பாளர் ஜான் போர்ட்டரும் நான்கு ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் ஆம்ப்களை வைத்து, ஆளுக்கு இரண்டின் நடுக்க வேகத்தைக் கையால் திருகிக்கொண்டே போயிருக்கிறார்கள். தாளத்தைவிட்டு விலகினால் டேப்பை நிறுத்துவது, திரும்பச் சுற்றுவது, மறுபடி ஆரம்பிப்பது. பின்பக்கத்துக்கு இவ்வளவு பாடு.

இதற்கெல்லாம் காரணம் அங்கே வியாபாரம் நடந்த விதம். வாராவாரம் விற்பனைப் பட்டியல், வாராவாரம் இசைப் பத்திரிகைகள், அதனால் குழுக்கள் வருடத்துக்கு மூன்று நான்கு சிங்கிள் விட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் பின்பக்கத்துக்கு இரண்டு பாட்டு புதிதாக வேண்டும். சிங்கிளை வாங்கினவனிடமே அதே பாட்டை ஆல்பத்திலும் விற்பது ஏமாற்று என்று ஓர் எண்ணமும் இருந்தது. ஜாய் டிவிஷனின் ‘லவ் வில் டேர் அஸ் அபார்ட்’ அவர்களுடைய இரண்டு ஆல்பங்களில் எதிலுமே கிடையாது. நியூ ஆர்டரின் ‘ப்ளூ மண்டே’ 1983இல் தனித் தட்டாக வந்தது, அந்த வருட ஆல்பத்தின் பிரிட்டிஷ் பதிப்பில் இல்லை. ஆல்பம் ஆல்பமாக மட்டும் கேட்டுக்கொண்டு போனால் வீட்டின் முன்னறையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிய மாதிரிதான்.

நெல்லைப்பையன்: ஓயசிஸா, ப்ளரா?

வந்துவிட்டதா. 1995 ஆகஸ்ட் 14, இரண்டு குழுவும் ஒரே நாளில் சிங்கிள் விட்டார்கள். ப்ளர் 2,74,000, ஓயசிஸ் 2,16,000, ப்ளர் முதலிடம். மாலைச் செய்தியில் சொல்கிற அளவுக்குப் போனது. இரண்டுமே அந்தந்தக் குழுவின் சுமாரான பாட்டு என்பதுதான் வேடிக்கை. என்னைக் கேட்டால் அந்த வருடம் ஜெயித்தது பல்ப். 1978இல் ஷெஃபீல்டில் ஆரம்பித்துப் பத்துப் பதினைந்து வருடம் பெரிதாக யாரும் திரும்பிப் பார்க்காத குழு. அங்கே வாசிக்க இருந்த ஸ்டோன் ரோசஸ் குழுவின் கிடார்காரர் கழுத்துப்பட்டை எலும்பை முறித்துக்கொண்டதால் 1995 கிளாஸ்டன்பரி விழாவில் கடைசி நேரத்தில் கிடைத்த இடத்தில் ஏறி, ஓர் இரவில் ஊரையே தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள்.

இரும்புக்கை: மெட்டாலிகாவின் எந்த ஆல்பம் சிறந்தது?

அவர்கள் கலிபோர்னியா. பக்கத்துத் தெரு.

தெற்குவாசல்: உலகின் சிறந்த இண்டி குழுவான ரேடியோஹெட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் காணோமே?

பிடித்த குழுதான். ஆனால் 1991இல் ஒப்பந்தம் போட்டதே இஎம்ஐ என்ற பெரிய இசைக் கம்பெனியோடு. பீட்டில்ஸ் வெளிவந்த அதே பார்லஃபோன் லேபிள் (தட்டு வெளியிடும் பெயர்). அதை எப்படி இண்டி என்பது?

தெற்குவாசல்: சாதிச் சான்றிதழ் பார்க்கிற மாதிரி இருக்கிறதே அண்ணா. காதில் விழுவதுதானே முக்கியம், யார் விற்றார்கள் என்பதா?

இந்தச் சொல்லுக்கு அதுதான் முக்கியம். ரஃப் டிரேட் 1976இல் மேற்கு லண்டனில் ஒரு கடையாக ஆரம்பித்தது, 1978இல் லேபிள் ஆனது. அப்புறம் யார்க், பிரிஸ்டல், லிவர்பூல், நாரிச், எடின்பரோ என்று ஊருக்கு ஒரு கடைக்காரரைச் சேர்த்துக்கொண்டு ‘கார்ட்டெல்’ என்ற பெயரில் விநியோக வலை பின்னினார்கள். பெரிய கம்பெனியின் லாரியில் ஏறாமலேயே ஒரு தட்டு நாடு முழுக்கப் போய்ச் சேரலாம் என்று காட்டியது அதுதான். 1980 ஜனவரியில் இண்டி பட்டியல் தொடங்கியபோதும் விதி ஒன்றுதான்: தட்டைக் கடைக்குக் கொண்டுபோவது பெரிய கம்பெனியாக இருக்கக் கூடாது. பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்று விதியே இல்லை. அதனால்தான் 1988இல் பாப் பாடகி கைலி மினோக் இண்டி பட்டியலின் உச்சியில் இருந்தார். அவருடைய லேபிள் சுயேச்சையான விநியோகஸ்தர் வழியாக விற்றது, முடிந்தது கதை.

தெற்குவாசல்: ஆக உங்கள் கணக்கில் கைலி இண்டி, ரேடியோஹெட் இல்லை. இதைக் கேட்டு யாராவது சிரிக்காமல் இருப்பார்களா?

சிரிக்கட்டும். விதி அப்படி.

பழையகேசட்: நடுவே வருவதற்கு மன்னிக்கவும். கிரியேஷன் லேபிளில் 1992லேயே சோனி 49 சதவீதம் வாங்கிவிட்டது. ஓயசிஸ் அதற்குப் பிறகு 1993இல் சேர்ந்தவர்கள். உங்கள் விதிப்படி அவர்களையும் வெளியே அனுப்ப வேண்டுமே?

சரி, பிடித்துவிட்டீர்கள். இதற்கு நேர்மையாகப் பதில் சொன்னால் என் கட்சி கொஞ்சம் சாயும். 1986இல் என்எம்இ பத்திரிகை ‘சி86’ என்று 22 பாட்டுகள் கொண்ட ஒரு கேசட் கொண்டுவந்தது. கிணுகிணு கிடார், கூச்சப்படுகிற குரல், வீட்டில் செய்த மாதிரி பதிவு. அதில் பல குழுக்கள் அப்படி ஒலிக்கவே இல்லை, இருந்தாலும் அந்தக் கேசட்டுக்குப் பிறகு இண்டி என்றால் ஓர் ஒலி என்று ஜனங்கள் நினைக்க ஆரம்பித்தார்கள். 1991இல் ரஃப் டிரேடின் விநியோகக் கம்பெனி திவாலானது, அடுத்த வருடம் மான்செஸ்டரின் ஃபேக்டரி லேபிள் திவாலானது. லாரி போய்விட்டது, பெயர் மட்டும் ஊரில் தங்கிவிட்டது. ஆக 1986 வரை என் கட்சி, 1992க்குப் பிறகு தெற்குவாசல் கட்சி, நடுவில் உள்ள ஆறு வருடத்துக்கு இரண்டு பேரும் அடித்துக்கொள்ளலாம்.

தெற்குவாசல்: அப்படியானால் ரேடியோஹெட் உள்ளே.

உள்ளேதான், ஆனால் என் தேதியில். இஎம்ஐ ஒப்பந்தம் முடிந்த பிறகு 2007 அக்டோபரில் ஓர் ஆல்பத்தைத் தங்கள் இணையதளத்திலேயே போட்டு, விருப்பப்பட்ட விலையைக் கொடுங்கள், ஒன்றும் கொடுக்காவிட்டாலும் சரி என்றார்களே, அன்றைக்குத்தான் அவர்கள் இண்டி ஆனார்கள். கோடீஸ்வரர் ஆன பிறகு சுயதொழில். இந்தப் பேச்சை இத்தோடு விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஆறுகம்பி: மை பிளடி வேலன்டைன் குழு மாதிரி கிடார் சத்தம் வர எந்தப் பெடல் வாங்க வேண்டும் சார்?

காசைப் பத்திரமாக வையுங்கள். கெவின் ஷீல்ட்ஸின் அந்த வழுக்கிக்கொண்டே போகும் சத்தம் முக்கால்வாசி கையில் இருக்கிறது. ஜாஸ்மாஸ்டர் மாதிரி கிடாரின் டிரெமலோ கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டே ஸ்ட்ரம் செய்வார், அதனால் ஒவ்வொரு கார்டும் சுருதியில் இருந்து நழுவி நழுவித் திரும்புகிறது. ஒரு மாதம் அதைப் பழகுங்கள், பெடலை அப்புறம் பார்க்கலாம். அதைவிட முக்கியம், ஹெட்போனில் ஒலியைக் கூட்டாதீர்கள். ஷீல்ட்ஸுக்கே காதில் இரைச்சல் நோய் உண்டு. 2008இல் மறுபடி மேடையேறியபோது வாசலிலேயே ரசிகர்களுக்குக் காதில் வைக்கப் பஞ்சு மாதிரி அடைப்பான் கொடுத்தார்கள்.

கோவைவாசி: ஓயசிஸ், ப்ளர் இரண்டில் உங்கள் ஓட்டு யாருக்கு?

மேலே பார்க்கவும்.

தாமரைக்குளம்: பாடகர் மோரிசியின் சர்ச்சைப் பேச்சுகளைப் படித்த பிறகும் ஸ்மித்ஸ் கேட்கலாமா? மனது ஒப்பவில்லை.

ஒப்பாவிட்டால் கேட்க வேண்டாம், இதில் அறிவுரை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் கேட்கிறேன், கிடார் மாருடையது என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் இது இன்று முளைத்த சங்கடம் இல்லை. 1992இல் லண்டன் ஃபின்ஸ்பரி பார்க் மேடையில் மோரிசி பிரிட்டிஷ் கொடியைப் போர்த்தி ஆடினார், பின்னால் மொட்டைத்தலை இளைஞர்களின் படம். அன்றைய இனவெறிச் சூழலில் அதற்கு என்ன அர்த்தம் என்று அங்குள்ள ஆசியப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. லெஸ்டரில் உருவான கார்னர்ஷாப் குழு, அவர் தட்டுகளை வெளியிட்ட இஎம்ஐயின் அலுவலக வாசலில் அவர் படத்தை எரித்தது. பத்திரிகைகள் இதை விளம்பர வித்தை என்று நக்கலடித்தன. ஆறு வருடம் கழித்து, 1998இல், அதே கார்னர்ஷாப் ஆஷா போஸ்லேயைப் பாடும் பாட்டோடு பிரிட்டனில் முதலிடம். பின்னணிப் பாடகி ஒருவருக்கு இண்டி குழு எழுதிய துதி! இன்றும் நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது.

யாழ்நிலா: அண்ணா, தமிழருக்கும் இந்த இசைக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? இல்லை, நாம் சும்மா வேடிக்கை பார்ப்பவர்கள்தானா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். மாயா அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ. எல்லோரும் அவரை ராப், நடன இசை என்று வேறு பெட்டியில் வைக்கிறார்கள், ஆனால் அவர் வந்த வாசல் பிரிட்பாப்தான், அதாவது ஓயசிஸ், ப்ளர், பல்ப் காலத்து அந்தக் கிடார் அலை. லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் சிறுவயது, போர் காரணமாக மறுபடி லண்டனுக்கு அகதியாக. கலைக்கல்லூரி முடித்தவர், பாடகி இல்லை. அந்த அலையைச் சேர்ந்த எலாஸ்டிகா குழுவின் ஜஸ்டின் ஃபிரிஷ்மன் அவரைக் கூப்பிட்டு 2000இல் வந்த இரண்டாவது ஆல்பத்துக்கு அட்டை செய்யச் சொன்னார், சுற்றுப்பயணத்தை வீடியோ எடுக்கச் சொன்னார். அந்தப் பயணத்தில் உடன் வந்த பாடகி பீச்சஸ்தான் ரோலண்ட் எம்சி-505 என்ற சின்னத் தாளப் பெட்டியைக் காட்டி, நீயே பாட்டு போடு என்று ஊக்கம் கொடுத்தவர். அதில் பிறந்த ‘கலாங்’ பாட்டின் எழுத்தில் ஃபிரிஷ்மனுக்கும் பங்கு உண்டு. தயாரித்தவர்களில் ஒருவர் பல்ப் குழுவின் பேஸ் கிடார்காரர் ஸ்டீவ் மேக்கி. மேலே 1995 கிளாஸ்டன்பரி என்றேனே, அன்று அந்த மேடையில் நின்றவர்.

2005இல் முதல் ஆல்பம் ‘அருளர்’, அப்பாவின் இயக்கப் பெயர். 2007இல் ‘கலா’, அம்மாவின் பெயர். இரண்டாவதற்காகச் சென்னைக்கு வந்து உறுமி மேளக்காரர்களை வைத்துப் பதிவு செய்தார். அதன் முதல் பாட்டிலேயே தளபதி படத்தின் காட்டுக்குயிலு பாட்டிலிருந்து எடுத்த துண்டு ஓடும். உலகமெங்கும் ஒலித்த ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டுக்கு அடியில் ஓடுவதோ கிளாஷ் குழுவின் 1982 கிடார். லீட்ஸில் ஒரு கடையில் அந்த உறுமிச் சத்தம் திடீரென்று ஸ்பீக்கரில் வந்தபோது நான் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு நின்றுவிட்டேன். கல்லாவில் இருந்த பையன், அது என்ன வாத்தியம் தெரியுமா என்று என்னிடமே கேட்டான். எங்கள் ஊர்த் திருவிழா என்றேன். வேடிக்கை பார்த்தவர்கள் நாம் இல்லை.

வட்டக்கண்ணாடி: காக்டோ ட்வின்ஸ் பாட்டு வரிகள் ஒன்றும் புரியவில்லை, எங்கே கிடைக்கும்?

எலிசபெத் ஃபிரேசர் பல இடங்களில் சொற்களே பாடவில்லை, ஒலிகளைப் பாடினார். நாம் ஆலாபனைக்கு அர்த்தம் கேட்பதில்லையே.

சேலம்ஸ்டார்: இசைத்தட்டு வாங்கலாமா, செயலி போதுமா?

செயலி போதும். ஒரு கடையில் மறுபதிப்பு என்று நல்ல விலை கொடுத்து வாங்கினேன், வீட்டில் போட்டால் அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது, திருப்பி எடுக்கவும் மாட்டோம் என்றார்கள். ஆனால் செயலியில் அந்த ஐந்து பாட்டுப் பட்டியல்... சொன்னேனே.

டீக்கடைபெஞ்ச்: ஆர்க்டிக் மங்கீஸ்?

2006இல் வந்த முதல் ஆல்பம். ஒரே வாரத்தில் 3,60,000க்கு மேல் விற்றது, அதுவும் டொமினோ என்ற சுயேச்சை லேபிளில். தெற்குவாசல், கவனிக்கவும்.

தெற்குவாசல்: கவனித்தேன். கைலியும் கவனித்தார்.

மதுரைமல்லி: இப்போதைய புதுக் குழுக்கள் பற்றி?

என் அக்கா மகள் சொல்வாள், நான் சொல்ல மாட்டேன்.

புதுவரவு: வணக்கம், இப்போதுதான் சேர்ந்தேன். ஓயசிஸ் பெரிதா, ப்ளர் பெரிதா?

பல்ப்.

மழைக்காகம்: அண்ணா, நீங்கள் சொன்ன அந்த 1984 சிங்கிளை முழுசாகக் கேட்டேன். உண்மையைச் சொன்னால், பின்பக்கப் பாட்டு எனக்கு ரொம்ப நீளம். முன்பக்கத்தில் இருந்த வில்லியம் பாட்டுதான் பிடித்தது. தப்பா?

இவ்வளவு நேரம் தொண்டை கிழியக் கத்தினதற்கு! தப்பில்லை. இரண்டு நிமிடப் பாட்டுதானே, இன்னொரு தடவை போடுங்கள்.